ஒரு டம்ளர் கசகசா பாயசம்

ஒரகடம் பக்கம் குதிரைத் தீவனம் தயாரிக்கும் ஆலையில் அப்போது எனக்கு வேலை. எங்கள் தீவனம் தின்ற பந்தயக் குதிரை ஒன்று ஜெயித்தது. ஆனால் அதன் சிறுநீரைச் சோதித்ததில் மார்ஃபின் இருந்தது. பரிசு பறிபோனது. பழி எங்கள் தீவன மூட்டைமேல் விழுந்தது. அதைச் சரிபார்க்க என்னை லாயத்துக்கு அனுப்பினார்கள்.

குதிரையின் சொந்தக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னாத்தயா கலந்தீங்க? உங்க கம்பெனிய இழுத்து மூடாம வுட மாட்டேன்."

அவர் மனைவிதான் என்னை உட்காரவைத்து ஒரு டம்ளரை நீட்டினார். "அவரு கத்திக்கினுதான் இருப்பாரு, நீ குடி தம்பி. இந்தப் பிரச்சன தீரணும்னு வல்லக்கோட்டை முருகன வேண்டிக்கினு கசகசா பாயசம் செஞ்சேன். ரேஸுக்கு மொத நாளும் இதான். குதிரைக்கும் அரை வாளி ஊத்தினோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கசகசா அபினிச் செடியின் விதை; மார்ஃபின் எடுப்பதும் அந்தச் செடியிலிருந்துதான். அதனாலேயே எங்கள் கேன்டீன் குருமாவில்கூட அதைச் சேர்க்க மாட்டார்கள். என் வேலை பிழைத்தது. பாயசம்தான் காரணம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் சொன்னேன்.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கத்திக்கொண்டிருந்தவரின் குரல் முதல்முறையாக இறங்கியது. "வாளிய நான்தான் புடிச்சிக்கினு இருந்தேன்."

அதன்பிறகு எத்தனையோ பேர் புகாரோடு வந்து என்மேல் பாய்ந்திருக்கிறார்கள். நான் பதிலுக்குக் கத்துவதில்லை. வீட்டில் என்ன சமையல் என்று கேட்கிறேன்.