சுதர்ஷினியின் சொந்தக் காற்று

டயகமத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சுதர்ஷினிக்குச் சைக்கிள் பைத்தியம் என்று லயத்து வரிசை வீடுகளில் பேச்சு. பேசியவர்களுக்கு வேறு வேலை இல்லை. நுவரெலியாவில் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டு ஓய்ந்துபோன மலைச் சைக்கிள் ஒன்றை, கொழும்பில் கடை வேலை பார்க்கும் அவள் புருஷன் சதீஸ்குமார் வாங்கிக் கொடுத்தான். "நல்லா ஓட்டிப் பழகு, நான் வாறப்ப என்னய வச்சு மிதி" என்று விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை விட்டு வந்ததும் தோட்டத்து ரோட்டில் ஏறி இறங்கியவள், நுவரெலியாவில் நடக்கவிருந்த மலைச் சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டாள்.

அந்தச் சைக்கிளின் டயருக்கு டியூப் கிடையாது. கவ்வாத்து வெட்டிய மலைப்பக்கம் தேயிலைக் குச்சிகள் சீவிய முனையோடு ரோட்டில் கிடக்கும். டியூப் அங்கே ஒருநாள் தாங்காது. இந்த டயருக்குள் ஊற்றுகிற வெள்ளைப் பால் சின்ன ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் புது டயர் மாட்டும்போது ஒரே மூச்சில் பெருங்காற்று உள்ளே பாய வேண்டும். அப்போதுதான் டயரின் ஓரம் இரண்டு பக்கமும் 'டப், டப்' என்று வளையத்தில் போய் உட்காரும். கைப்பம்பைக் கொண்டு விடிய விடியக் குத்தினாலும் காற்று ஓரத்தால் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

அதற்காகச் சக்கரத்தைக் கழற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தலவாக்கலை டயர் கடைக்குப் போவாள். "பொட்டக் இன்ன நங்கி", கொஞ்சம் இரு தங்கச்சி என்று சிங்களத்தில் சொல்லி அவளை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, பின்னால் வந்த லொறிக்கும் ஆட்டோவுக்கும் முதலில் பார்ப்பார்கள். ஒருமுறை கடைசி பஸ் புறப்படுகிற நேரத்தில், லொறிக்கு அடிக்கிற காற்றை அப்படியே திறந்துவிட்டான் கடைக்காரன். டயர் வளையத்தை விட்டுத் தெறித்தது. பால் அவள் முகமெல்லாம் வழிந்தது. கடையே சிரித்தது. சுதர்ஷினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே காத்துக்காக எவன் வாசல்லயும் நிக்கமாட்டேன்" என்றாள். சிரிப்பு நிற்கவில்லை. அது நிற்க வேண்டும் என்றும் அவளுக்கு இல்லை.

சொந்தமாகக் காற்றடிக்கும் மிசின் வாங்க ஹட்டனில் சுப்பிரமணியம் முதலாளியின் கடைக்குப் போனாள். அவர் உள்ளங்கை அளவு பேட்டரி மிசின் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதுல நூத்தம்பது பி.எஸ்.ஐ. வரைக்கும் ஏறும் தங்கச்சி. பொம்பளப் புள்ள தூக்கிட்டுப் போகவும் லேசு."

"எம்புட்டு ஏறும்னு கேக்கலீங்க முதலாளி. ஒரே தடவையில எம்புட்டு வரும்?"

அவர் மிசினை ஓட்டிக் காட்டினார். அது கொசு ஊதுகிற மாதிரிக் காற்றை விட்டுக்கொண்டு கிடந்தது. அடுத்து, கராஜுக்குப் போடும் பெரிய கம்பிரசரைக் காட்டினார். அதன் மோட்டாருக்கு லயத்து வயர் தாங்காது. மூலையில் இருபத்துநாலு லீட்டர் டேங்க் வைத்த ஒன்று இருந்தது. எண்ணெய் ஊற்ற வேண்டாத, சத்தம் குறைந்த ரகம். "இத ஓட்டிக் காட்டுங்க" என்றாள். டேங்க் நிறைந்ததும் நிறுத்தச் சொல்லி, பையிலிருந்த சவுக்காரத் தண்ணீரை எடுத்து மூட்டுக்கு மூட்டு ஊற்றினாள். ஓரிடத்தில் நுரை குமிழியிட்டது.

"ஒழுகுது. வேற எடுங்க."

"பொண்ணு பாக்க வந்த மாதிரியில்ல பாக்குற!"

"மாப்பிள்ளைய இப்பிடிப் பாக்காம கட்டிக்கிட்டேன் முதலாளி. இதயாச்சும் பாத்து எடுக்கணும்."

இரண்டாவது டேங்க்கில் ஒரு குமிழிகூட வரவில்லை. அதைத்தான் எடுத்தாள்.

கொண்டுவந்த அன்று சாயங்காலமே ஆசை தாங்காமல் சுவிட்சைப் போட்டாள். அது அவள் பிழைதான். எல்லாக் காம்பராவிலும் டிவி ஓடி, கரண்டுக் கேத்தலில் தண்ணீர் கொதிக்கிற நேரம்; லயம் முழுவதும் ஒரே வயர். படக்கென்று எல்லாம் இருண்டுபோனது. பக்கத்துக் காம்பரா ராசம்மா வாசலுக்கு வந்து வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். மறுநாளிலிருந்து அதை மத்தியானத்தில் மட்டும் ஓட்டினாள். அந்நேரம் எல்லாரும் காலையில் ஆக்கிய சோற்றைத்தான் தின்பார்கள், கரண்டுக்கு வேலையில்லை. டேங்க்கை நிறைத்து வாயைப் பூட்டிவிட்டால், காற்று சாயங்காலம்வரை அப்படியே கிடக்கும். ராசம்மாவுக்குக்கூட அதற்கு மேல் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் விஷயம் கண்டாக்கு கோகுலராஜின் காதுக்குப் போய்விட்டது. தோட்டத்து வேலையையும் லயத்தையும் மேய்க்கிற உத்தியோகத்தர் அவர். ஓட்டத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை சாயங்காலம், சுதர்ஷினி பழைய டயரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது டயரை வளையத்தில் மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"லயத்துல மிசின் வைக்க ஆபீஸ்ல கேட்டியா?"

"கேத்தல் வாங்குனப்பவும் கேக்கலீங்கையா."

"எதுத்தா பேசுற?"

விறுவிறுவென்று போய், வெளிச்சுவரில் இருந்த அவள் காம்பராவின் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு ஓட்டமாமே. இப்ப எப்பிடிக் காத்தடிக்கிறன்னு பாப்போம்."

லயமே வாசலுக்கு வந்துவிட்டது. இனித் தலவாக்கலைக்குப் பஸ்ஸும் இல்லை. இந்த டயர் உட்காராவிட்டால் நாளைக்கு அவள் கோட்டருகே நிற்கவே முடியாது. சுதர்ஷினி சவுக்காரத் தண்ணீரை டயரின் ஓரத்தில் பூசினாள். வால்வின் உள்ளூசியைக் கழற்றினாள். கம்பிரசரை வாசலுக்குத் தூக்கி வந்து, குழாயைப் பொருத்தி, டேங்க்கின் வாயைத் திறந்தாள்.

டப்!

கண்டாக்கு ஓரடி பின்வாங்கினார்.

டப்!

டயர் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. பாலை ஊற்றி, ஊசியை முடுக்கி, மிச்சக் காற்றைக் கைப்பம்பிலேயே ஏற்றினாள். பிறகு எழுந்து நின்றாள்.

"கரண்டத்தானங்கையா புடுங்குனீங்க? காத்து மத்தியானமே ஏறிருச்சு."

ராசம்மாதான் முதலில் சிரித்தாள். கோகுலராஜ் பையில் கை வைத்தார். "இந்தா, வச்சுத் தொலை" என்று கட்டையை நீட்டினார்.

"வேணாங்க. இங்க வேணாம். எல்லாருக்கும் முன்னாடி புடுங்குனீங்க, எல்லாருக்கும் முன்னாடியே குடுங்க. திங்கக்கெழம பெரட்டுல வாங்கிக்கிறேன்."

அன்று குப்பி விளக்கு வெளிச்சத்தில்தான் சோறாக்கினாள். மறுநாள் ஓட்டத்தில் பன்னிரண்டாவதாக வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களில் டயர் கடைக்காரர்கள் கும்பிடுகிற சைக்கிள் கிளப் பையன்களும் இருந்தார்கள். டயர் கடைசிவரை தாங்கியது.

திங்கட்கிழமைக் காலை, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆள் நிறைந்து கிடந்தது. சுதர்ஷினி சைக்கிளிலேயே வந்து இறங்கினாள். கண்டாக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் வரிசையை விட்டு முன்னால் வந்து கையை நீட்டினாள். களம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மலையைப் பார்த்தார், கையிலிருந்த செக்ரோல் பெயர்ப் புத்தகத்தைப் பார்த்தார், கடைசியில் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.