எலைஷாவின் வலது கால்

எலைஷா பிராக்ஸ்டன் என்றால் கான்சஸ் சிட்டியில் பலருக்கும் தெரியாது. "சனிக்கிழமைக் கோழி" பாட்டைத் தெரியாதவன் கிடையாது. எங்களுக்குப் பிறகு மூன்று பெரிய குழுக்கள் அதை இசைத்தட்டாக்கின. ஆனாலும் எங்களுடையதுதான் தட்டு. பெருமைதான், மறைக்க மாட்டேன்.

நான் பியானோ, அவன் டிராம்போன் என்ற நீளமான பித்தளை ஊதுகுழல். எங்கள் ஜாஸ் குழுவில் இசைக்குறிப்பு எழுதிய காகிதமே கிடையாது. ஒருவன் மெட்டில் ஒரு துண்டை ஊதுவான், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். பலகைத் தரையில் எலைஷா வலது காலால் தாளம் மிதிப்பான். பதிமூன்று பேரும் அந்த மிதிக்குத்தான் கட்டுப்படுவோம்.

1938-இல் இசைத்தட்டுப் பதிவுக்காகச் சிகாகோ போனோம். பாட்டின் நடுவே எலைஷா தனியாக ஊத ஓர் இடம். "எம்புள்ள ஊதறத நாடே கேக்கப்போகுது" என்று அவன் அம்மா ஹெஸ்டர் தேவாலயம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

அதிர்வில் பதிவு ஊசி துள்ளும் என்று டிரம்ஸை மூலைக்குத் தள்ளிப் போர்வை போர்த்திவிட்டார்கள். பாட்டைப் பதியும் முதல் மெழுகுத் தட்டில் எலைஷாவின் கால் மிதிதான் இடியாய் விழுந்தது.

"யாருய்யா அது, குதிரையா?" என்றார் பதிவுக்காரர்.

ஷூவைக் கழற்றினான். அப்படியும் கேட்டது. மூன்றாவது தட்டுக்குக் காலை அசைக்காமல் உட்கார்ந்தான். டிரம்ஸும் கேட்காமல், காலும் இல்லாமல், நாங்கள் தறிகெட்டு ஓடி மூன்று நிமிடப் பாட்டை இரண்டரையில் முடித்தோம். ஆத்திரத்தில் பியானோ மூடியைப் படாரென்று சாத்தினேன்.

"இன்னும் ஒரு மெழுகுதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா ஊருக்குக் கிளம்புங்க" என்றார் பதிவுக்காரர்.

எலைஷா டிராம்போனை நாற்காலியில் வைத்தான். "என் இடத்த பக்கத்து டிராம்போன்காரன் ஊதட்டும். நான் கதவுகிட்ட நின்னு மிதிக்கறேன். மைக்குக்கு லேசாத்தான் கேக்கும், உங்களுக்கு நல்லாக் கேக்கும்."

"அடப்பாவி, உங்கம்மாகிட்ட என்னடா சொல்லுவே?" என்றேன்.

"நீ வாசி அக்கா, நேரமாகுது."

வாசித்தோம். அப்படி அதற்குமுன் வாசித்ததில்லை.

தட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை ஹெஸ்டர் வீட்டில் விருந்து. தேவாலயத்தார் பாதிப்பேர் அங்கேதான். பாட்டு ஓடியது. டிராம்போன் வந்தது, போனது. எலைஷா தலைகுனிந்து, "அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தான்.

"சும்மா இரு. ஊதினது நீயில்லன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் ஹெஸ்டர். வந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "அடியில தொம் தொம்னு கேக்குது பாருங்க, அதுதான் எம்புள்ள. அவன் நிறுத்தட்டும், அத்தன பேரும் குப்புற விழுவானுங்க."

தட்டை மறுபடி போடச் சொன்னாள்.