தவமலரின் விமானத்தில் பக்கத்து இருக்கை

மூத்த பேத்தி டாக்டராகி மான்செஸ்டரில் வேலை செய்கிறாள். அவளுக்கு அடுத்தவன் சிங்கப்பூரில் ஒரு பெரிய வங்கியில் இருக்கிறான். மகளின் பிள்ளை வயலினில் எட்டாம் கிரேட் முடித்துவிட்டு இப்போது சட்டம் படிக்கிறாள். கடைக்குட்டி கார் ஓட்டும் சோதனையில் முதல்தரமே பாஸ் பண்ணிவிட்டான். இந்தக் கடைசிச் செய்தியைத் தவமலருக்குச் சொல்வதற்கென்று நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை, லண்டன் குட்மேய்ஸில் எங்கட வீட்டு வாசலில், தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு அவவின் காருக்காகக் காத்து நின்றேன். கார் வரவில்லை. போன்தான் அடித்தது. அவவின் தம்பி மகன் குமரன்.

"அன்ரி, மாமி நித்திரையிலயே போயிட்டா."

"எந்த மாமி?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் பலருக்குத் தவமலரைக் கோயிலில் மாலை கட்டுகிறவ என்றுதான் தெரியும். ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரோனிக் சாமான்களுக்கு ஈயம் ஒட்டியே அவவின் இளமை போனது. பிறகு லண்டனுக்கு வந்து, யாரோ பாதியில் விட்ட இரண்டு இருக்கை விமானம் ஒன்றை வாங்கி, எசெக்ஸில் ஒரு கொட்டகையில் வைத்து மிச்சத்தைத் தானே செய்து முடித்தா. கலியாணம் கட்டாத பொம்பிளைக்கு விமானம் எதற்கு என்று சிரித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். நீங்கள் சிரித்தது அவவுக்குத் தெரியும். "மாப்பிள்ளை தேடுறதைவிட எஞ்சின் தேடுறது லேசு அக்கா. எஞ்சினுக்கு ஆரும் சாதகம் கேக்கிறேல்லை" என்று என்னிடம் சொல்லுவா.

என் மனுசன் போன பிறகு ஒருநாள் வந்து கதவைத் தட்டினா. "வீட்டுக்குள்ள இருந்து சுவரைப் பாத்துக்கொண்டிருக்கிறியள். வாங்கோ, மேகத்தைப் பாப்பம்." ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பஸ்ஸில் மேல்தட்டுக்கு ஏறவே பயப்படுவேன். அப்படிப்பட்டவளை அந்தத் தும்பி மாதிரி விமானத்துக்குள் ஏற்றிப் பெல்ற் போட்டுவிட்டா. அதன்பிறகு மழையில்லாத சனிக்கிழமையெல்லாம் எங்களுக்குத்தான்.

தொழிற்சாலை வேலையில் அவவின் வலது மணிக்கட்டு தேய்ந்துவிட்டது. விமானத்தின் பிடியைக் கனநேரம் பிடிக்க ஏலாது. அதற்காகத்தான் தன்பாட்டில் ஓட்டும் கருவி ஒன்றைப் பூட்டினா. பொத்தானை அமத்தினால், போய்க்கொண்டிருக்கிற உயரத்திலேயே விமானம் தானாகப் போக வேண்டும். கையை மடியில் வைக்கலாம். ஆனால் அது அப்படிப் போகவில்லை. திடீரென்று மூக்கைத் தூக்கி ஏறும். கொஞ்ச நேரத்தில் குனிந்து இறங்கும்.

"இது சரிவராட்டி, கோடை முடிய வித்துப்போட்டு இருக்க வேண்டியதுதான்" என்றா. விற்றால் என் சனிக்கிழமையும் அதோடு போய்விடும். பிளாஸ்க்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றைப் பார்த்தா. ஒருநாள் வாலுக்குப் போகிற கம்பி இறுகுகிறதா என்று பார்த்தா. இன்னொரு நாள் அந்தக் கருவியின் மோட்டார்க் கையில் ஆணி இளகியிருக்கிறதா என்று பார்த்தா. "எல்லாத்தையும் ஒரேயடியாப் பாத்து முடியுங்கோவன்" என்றேன். "ரெண்டைச் சேத்து மாத்தினா எது பிழையெண்டு ஒருநாளும் தெரியாது அக்கா. ஒண்டை மாத்தோணும், பறந்து பாக்கோணும்."

இதில் புதினம் என்னவென்றால், தனியப் போனால் விமானம் சொன்னபடி கேட்கும். பக்கத்துக் கொட்டகைப் பீற்றரை ஏற்றிக்கொண்டு போனாலும் மேசையில் வைத்த கிண்ணம் மாதிரி நிற்கும். நான் ஏறினால் மட்டும்தான் குதிக்கும்.

"என்ரை பாரமோ தவம்?"

"உங்கட பாரத்துக்கு ஜம்போதான் சரி" என்றா. ஆனாலும் அதையும் பார்த்தா. அப்டன் பார்க் கடையில் அரிசி மூட்டைகள் வாங்கி, என் நிறைக்கு அளவாக என் இருக்கையில் அடுக்கி, பெல்ற் போட்டுக் கட்டினா. பீற்றர் வந்து எட்டிப் பார்த்து இது யார் என்று கேட்க, "அக்காவின்ரை தங்கச்சி. வாய் பேசமாட்டா" என்று இங்கிலிசில் சொன்னா. என் இடத்தில் அரிசி பறந்தது. நான் புல்லில் தனியே நின்று அண்ணாந்து பார்த்தேன்.

இறங்கி வந்து, "அரிசி அசையாமல் வந்தது. அப்ப பாரம் இல்லை. நீங்கள்தான்" என்றா.

பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். "அப்ப நான் இனி வரேல்லை."

"நீங்கள் வராட்டி எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? ஏறுங்கோ. வழக்கமாச் செய்யிறதெல்லாத்தையும் செய்யுங்கோ. எனக்காக நல்ல பிள்ளையா இருக்காதேங்கோ."

ஏறினேன். வழக்கமாக நான் செய்வது பேரப்பிள்ளைகளின் கதை சொல்வதுதான். டாக்டர், வங்கி, வயலின் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தா. கதை முடிந்தது. உயரம் காட்டுகிற ஊசி சட்டென்று விழுந்தது. விமானம் மூக்கைத் தூக்கியது.

"அக்கா, இப்ப என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. கதைச்சனான்."

"கதைச்சு முடிச்சு?"

என் கை என் பக்கத்துக் காத்துத் துவாரத்தில் இருந்தது. திறந்திருந்தேன். "மூடுங்கோ" என்றா. மூடினேன். ஊசி மேலே துள்ளியது, விமானம் குனிந்து இறங்கியது. மறுபடி திறக்கச் சொன்னா. ஏறியது. தன் பக்கத்துத் துவாரத்தைக் குளிருக்குப் பயந்து எப்பவோ பிளாஸ்டர் ஒட்டி அடைத்தவ அவ. பீற்றரோ அதைத் தொடுவதில்லை. அரிசிக்குக் கையில்லை.

கீழே வந்து எனக்கு விளங்கப்படுத்தினா. விமானத்துக்கு உயரம் தெரிவது வெளிக்காற்றின் அழுத்தத்தால். அதன் உடம்பில் ஒரு சின்ன ஓட்டை, அதிலிருந்து கருவிக்கு ஒரு மெல்லிய குழாய். அந்தக் குழாய், ஊசிகள் இருக்கிற முன்பலகைக்குப் பின்னால் ஒரு மூட்டில் இளகி, வெளிக்காற்றோடு உள்காற்றையும் எடுத்திருக்கிறது. நான் துவாரத்தைத் திறக்க உள்ளே காற்று நெருக்கும். கீழே இறங்கிவிட்டோம் என்று கருவி நினைத்து ஏறும். "பாவம், அது சரியாத்தான் வேலை செய்திருக்கு. அதுக்குப் போன சேதிதான் பிழை."

பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டா: "கதை முடியிற நேரம் பாத்து ஏன் அக்கா திறக்கிறனீங்கள்?"

அதுவரை எனக்கே தெரியாது. யோசித்துப் பார்த்துத்தான் சொன்னேன். "மூச்சு முட்டுது தவம். சொல்லி முடிய, அதுகள் ஒண்டும் பக்கத்தில இல்லை எண்டு தெரியுது."

ரோச் லைட்டை என் கையில் தந்துவிட்டுப் பலகைக்குக் கீழே மல்லாக்கப் படுத்தா. துவாரத்தைத் திறக்காதேங்கோ என்று சொல்லியிருக்கலாம். அதோடு பிரச்சினை முடிந்திருக்கும். "காத்து வேணுமெண்டா நீங்கள் திறவுங்கோ. நான் குழாயைச் சரி செய்யிறன்" என்று கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. மணிக்கட்டு நோக நோகக் குழாயை மாற்றினா. அடுத்த சனிக்கிழமை நான் கதை சொன்னேன், திறந்தேன், விமானம் அசையவில்லை. அவவின் இரண்டு கையும் மடியில் இருந்தன. விற்கிற கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் நான் குசினி யன்னலைத் திறந்துவிட்டு நிற்கிறேன். கடைக்குட்டி பாஸ் பண்ணிய கதை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தவமலரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: மூச்சு முட்டுகிறவளைப் பார்த்து அடங்கியிரு என்று சொல்லக் கூடாது. குழாயைப் பார்க்க வேண்டும்.

குமரன், நீ விமானத்தை விற்கப் போகிறாயாம். விற்றுவிடு. வாங்குகிறவரிடம் சொல், பக்கத்து இருக்கைத் துவாரத்தைப் பயமில்லாமல் திறக்கலாம் என்று. இன்னொன்று. மரண அறிவித்தலில் நீங்கள் போட்டது அவவின் பாஸ்போட் படம். அதில் அவ யாரோ போல இருக்கிறா. இந்த மலரிலும் அதைப் போடாதே. குழாய் மாற்றிய பிறகு, இறக்கைக்குப் பக்கத்தில் எங்கள் இரண்டுபேரையும் பீற்றர் எடுத்த படத்தை உனக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தப் புதுப் படத்தைப் போடு. இடம் போதாவிட்டால் என்னை வெட்டிவிடு. என் கையை மட்டும் விட்டுவிடு மகன். அது அவவின் தோளில் இருக்கிறது.