விலாசினி விற்காத நம்பர்

கேரள எல்லைக்குள் இருக்கும் இஞ்சிவிளை சந்திப்பில் லாட்டரி விற்கும் விலாசினிக்கு நம்பர் பைத்தியங்களைக் கண்டாலே ஆகாது. தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை. அதனால் களியக்காவிளையிலிருந்து ஆட்கள் எல்லை தாண்டி நடந்தே வந்து அவளிடம் வாங்குவார்கள். ஒருவருக்குக் கனவில் வந்த நம்பர் வேண்டும். இன்னொருவருக்குத் தன்னை இடிக்க வந்த லாரியின் நம்பர் வேண்டும். "நம்பருல ஒண்ணும் இல்ல கேட்டேளா, கையில கெடச்சத எடுத்துட்டுப் போங்க" என்று எல்லோருக்கும் ஒரே உபதேசம்தான்.

அப்பேர்ப்பட்டவளை ஒரு ரத்தப் பரிசோதனை கவிழ்த்துவிட்டது.

விலாசினிக்கு முப்பத்தேழு வயது. குழந்தை இல்லை. கணவன் பிரதீஷ் ஆட்டோ ஓட்டுகிறான். அவள் கிணற்றில் குதிக்கச் சொன்னால், குதித்த பிறகுதான் ஆழம் கேட்பான். இருவரும் நெய்யாற்றின்கரையில் டாக்டர் பிரசீதாவைப் பார்க்கப் போனார்கள். ஏ.எம்.எச். என்ற ஹார்மோன் 0.68 என்று வந்தது.

"கொஞ்சம் கொறவுதான். ஆனா முட்டை சுமாரா எவ்வளவு பாக்கி உண்டுன்னு மட்டும்தான் இது காட்டும். குழந்தை உண்டாகுமா இல்லியான்னு இது பறயாது கேட்டோ" என்றார் டாக்டர்.

முதல் வாக்கியத்தோடு விலாசினியின் காது அடைத்துவிட்டது. வெளியே பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் பேரைக் கேட்காமல் நம்பரைக் கேட்டாள். அந்தப் பெண் மூன்று என்றதும், விலாசினி அவளைப் பெரிய பணக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். நம்பரை ஏற்ற, வீட்டில் மூன்று வேளையும் முருங்கைக்கீரையும் எள்ளும்தான். பிரதீஷின் தட்டிலும் அதுவே விழுந்தது.

"எனக்கு எதுக்குட்டீ இது?"

"கெடக்கட்டு. ஒனக்கும் ஏறட்டு."

ஒருநாள் கடையிலிருந்து தங்கச்சிக்குப் போன் போட்டு, "புள்ளி அறுபத்தெட்டு ஆக்கும்" என்று புலம்பினாள். அது அருமநாயகத்தின் காதில் விழுந்தது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றபின் களியக்காவிளையிலிருந்து தினமும் தவறாமல் வருகிற மனிதர் அவர். எதைப் பற்றிய பேச்சு என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. அறுபத்தெட்டில் முடியும் சீட்டுகளை ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போனார். மறுநாள் கடுகடுவென்று வந்து நின்றார்.

"ஒனக்க நம்பருக்கு ஒரு பலமும் இல்லியே மக்கா!"

விலாசினி நடுச்சந்தியில் உடைந்து அழுதாள். எதிரே மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட திரும்பிப் பார்த்தார்கள். விஷயம் தெரிந்ததும் அருமநாயகத்துக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

"அழாத மக்கா. நான் அத்தன சீட்டு எடுத்தேன், எனக்கு அடிச்சுதா? போன மாசம் அடிச்சவன் ஒத்தச் சீட்டு எடுத்தவனாக்கும். நீதானே வித்த?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் சொன்ன இரண்டாவது வாக்கியம் அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது.

பிறகு சோதனைக்குழாய்க் குழந்தைக்கான ஊசிகள் தொடங்கின. கிடைத்த முட்டைகளில் கருவாகத் தேறியது ஒன்றே ஒன்று. அதைக் கர்ப்பப்பையில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் காத்திருப்பு நாட்களில் அவள் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. அது ஒட்ட வேண்டுமே என்று பயந்து பயந்து செத்தாள்.

கரு ஒட்டியதா என்று காட்டும் ஹார்மோன் பரிசோதனையின் முடிவு, லாட்டரிக் குலுக்கல் நேரத்தில் போனில் வந்தது. கடையைச் சுற்றி ஒரே கூட்டம். பிரதீஷ் ஆட்டோவை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடிவந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். போனில் வெறும் நம்பர் மட்டும்தான் இருந்தது. அது நல்லதா என்று கேட்க விலாசினி டாக்டருக்குப் போன் போட்டாள்.

"ஒட்டியிருக்கு விலாசினி. இனி ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு டெஸ்ட் செய்யணும். நம்பர் கூடணும், பிறகு ஸ்கேன். அதுவரை ஆட்டம் வேண்டாம்."

விலாசினி ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணீர் சீட்டுகளின் மேல் சொட்டியது. பின்னால் ஆட்டோவை எடுக்கச் சொல்லி பஸ் ஹாரன் அடித்தது. பிரதீஷுக்கு அது கேட்கவே இல்லை.

அருமநாயகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "மக்கா, நம்பர் எத்தன?"

மொத்தக் கூட்டமும் கழுத்தை நீட்டியது. பிரதீஷ் வாயைத் திறந்தான். விலாசினி கையால் அதைப் பொத்தினாள்.

"சீட்டு எது வேணும்னாலும் எடுங்க மாமா. அந்த நம்பர் எனக்க பிள்ளைக்கதாக்கும். விக்கியதுக்கில்ல."