கூடுதலாய் ஒரு ‘வ’

எடப்பாடி தெய்வநாயகிக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து முடிகிறது. அதற்குமேல் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு மனுப்போடவே முடியாது. சேலத்துப் பெரிய ஆலையின் இந்த இன்டர்வியூவும் கைநழுவினால், ஆயுசுக்கும் சித்தப்பன் தறிக்கூடத்தில் நூல் தார் சுற்ற வேண்டியதுதான்.

அது 1981. எழுத்துத் தேர்வுக்கு வந்தவர்கள் நூற்று நாற்பது பேர்; தேறியது பதினொருவர். குரல் தேர்வில் ஏழு பேரைக் கழித்துக் கட்டினார்கள். இன்று மூன்றாவது சுற்று. மிஞ்சிய நால்வரில் ஒருத்தியைத்தான் மெடிக்கலுக்குக் கூப்பிடுவார்கள். மெடிக்கல் என்பது பேருக்குத்தான், அதற்கு அழைத்தாலே வேலை கிடைத்த மாதிரி.

டைப்ரைட்டிங் டீச்சர் சௌந்திரம் முன்பே எச்சரித்திருந்தார், போனில் ‘வ’வை முழுங்கக் கூடாது என்று. நம் பக்கத்தில் வீடு என்றைக்கும் ஊடுதானே! ஒரு மாதமாகத் தறிச் சத்தத்துக்கு மேலே ‘வீடு, விடு, விழு’ என்று தெய்வநாயகி கத்திய கத்தலில், மகளுக்குக் காத்துக் கருப்பு பட்டுவிட்டதோ என்று அம்மா பாவாயிக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அறைக்குள் ஒரு மேஜை, ஒரு போன், எதிரே இரண்டு அதிகாரிகள். பெரிய அதிகாரி கைலாசம் அடுத்த அறையிலிருந்து பேசுவார், ஆபரேட்டராக அவள் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். மணி அடித்தது. எடுத்த எடுப்பிலேயே வசவு. பத்து நிமிடமாக லைன் கேட்கிறேன், உன்னையெல்லாம் யார் வேலைக்கு வைத்தது என்று வைது தீர்த்தார். அவள் குரலை நடுங்க விடவில்லை. மன்னிப்புக் கேட்டு, இதோ விசாரித்து லைன் தருகிறேன் என்று நிதானமாகச் சொன்னாள்.

எதிரே இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். அப்பாடா என்றிருந்தது. அந்த நேரம் பார்த்துப் போனில் குரல் தணிந்து, எந்த ஊர் என்று கேட்டது.

“வூரு எடப்பாடிங்க.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. எதிரே இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவமானத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. கூடவே கோபமும் வந்தது. போனது போகட்டும் என்று துணிந்துவிட்டாள்.

“தப்புங்க, ஊருதானுங்க. இத்தன வருசமா ‘வ’வ முழுங்கிட்டோமேன்னு பயந்து, இங்க ஒண்ணக் கூடுதலாப் போட்டுட்டேனுங்க.”

போனை வைத்துவிட்டாரா? ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அதுவரை ரேடியோவில் செய்தி வாசிப்பவர்போலச் சுத்தமாகப் பேசிய கைலாசம் மெல்லச் சொன்னார்:

“அந்த ஒண்ண ஊட்டுலயே வெச்சுட்டு, திங்கக்கெழம மெடிக்கலுக்கு வாங்க சாமி.”

அவ்வளவு வைதபோது வராத அழுகை அப்போது வந்தது.