அச்சரப்பாக்கத்தில் நிற்காத பஸ்

எனக்குக் கல்யாணமான நாலாவது மாதம், குவார்ட்டர்ஸ்காரர்கள் சேர்ந்து செஞ்சிக் கோட்டைக்கு ஒருநாள் டூர் போனோம். தொண்ணூறுகளின் கடைசி. வீடியோ கோச் பஸ். டிவியில் படம் தெரிய வேண்டுமென்று இரண்டு பக்கமும் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். பட்டப்பகலில் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஜன்னலோரம் மாமியார், பக்கத்தில் நான். கணவர் முன்வரிசையில் ஆபீஸ் நண்பர்களோடு படத்தில் ஐக்கியமாகிவிட்டார்.

செஞ்சியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பஸ் அச்சரப்பாக்கம் வழியாகப் போகும், அதற்காகத்தான் வந்தேன். அங்கே அம்மா தனியாக இருந்தாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டு. விழுந்ததிலிருந்து போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "கட்டுப் பிரிச்சதும் போயிட்டு வாயேன்" என்பார் மாமியார். திருநெல்வேலிக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தினாலாவது சண்டை போட்டிருப்பேன். கடைசியில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவின் பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப்பில் நிற்கச் சொன்னேன். எப்படியாவது பஸ்ஸை நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

நிறுத்தவில்லை. கைடாக வந்தவர் ரிட்டயரான சரித்திர வாத்தியார். "இப்பதானே மேல்மருவத்தூர்ல டீக்கு நிறுத்தினோம்? இனிமே செஞ்சிதான்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். மாமியார் மேல் சாய்ந்து திரையை விலக்கினேன். டீக்கடை ஓரம் வெயிலில் அம்மா. கழுத்திலிருந்து தொங்கிய வெள்ளைக் கட்டு, மறு கையில் ஒரு தூக்கு. எங்கள் பஸ்ஸைத்தான் பார்த்தாள், ஆனால் நான் அவள் கண்ணில் பட்டிருக்க மாட்டேன். "திரையைப் போடும்மா, படம் தெரியல" என்றார் பின்சீட்டுக்காரர். அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

செஞ்சியில் கல்யாண மகாலின் முன்னால் நிறுத்தி வாத்தியார் விளக்கினார். "ராஜ குடும்பத்துப் பெண்கள் இங்கதான் இருந்தாங்க. மேல்மாடி வரைக்கும் மண் குழாய்லயே தண்ணி வந்துடும். வெளிய போகவேண்டிய அவசியமே இல்ல!" எல்லோரும் அண்ணாந்து பார்த்து வியந்தார்கள். "ஒரு குறையும் இல்லாம வச்சிருந்திருக்கான்" என்றார் மாமியார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலையேறினவர்கள் எப்போது இறங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்ததைத் தவிர அந்த ஊரில் நான் எதையும் பார்க்கவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் யோசனை வந்தது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் எந்த டிரைவரும் மறுபேச்சில்லாமல் நிறுத்துவார். சாயங்காலம் அச்சரப்பாக்கம் நெருங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு, "வாந்தி வருது" என்றேன். மாமியார் எலுமிச்சம்பழத்தை நீட்டினார். பிளாஸ்டிக் கவரை நீட்டினார். இரண்டையும் தள்ளிவிட்டு முன்னால் ஓடினேன். டீக்கடை பக்கத்திலேயே பஸ் நின்றது.

அம்மா அங்கேயே இருந்தாள். நாளெல்லாம் நின்றாளா, வீட்டுக்குப் போய்விட்டு வந்தாளா, கேட்கத் தோன்றவில்லை. கட்டிக்கொண்டேன்.

"இன்னாம்மா, இப்டி எளச்சிப் போய்க்கீற?" என்றாள்.

பின்னாலேயே மாமியார் இறங்கி வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க சம்பந்தி, வாந்திதான். நாலு மாசமாச்சுல்லா, விசேஷம்தான் போல" என்றார். பஸ்ஸுக்குள் யாரோ கைதட்டினார்கள். கணவர் படியில் நின்று அசடு வழிந்தார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. புதுப்பெண் வாந்தி என்றால் நம் ஊரில் வேறு அர்த்தமே கிடையாது. போதாக்குறைக்கு எனக்கு எப்போதும் நாள் தள்ளித்தான் வரும். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா போனபிறகு அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. சொல்ல முடியவில்லை.

அம்மா நல்ல கையால் மாமியாரின் கையைப் பிடித்தாள். "சம்பந்தி, இனிமே இவள பஸ்ல எங்கியும் அனுப்பாதீங்க. என் கை கெடக்குது. வளகாப்புக்கு நானே வந்து கூட்டிக்கினு போறேன்."

"அதுதான சரி" என்றார் மாமியார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். மாமியார் இந்தத் தடவை ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். காற்று வரட்டும் என்று திரையைக்கூட அவரே ஒதுக்கிவிட்டார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கட்டில்லாத கையை ஆட்டிக்கொண்டு அம்மா சிரித்தபடி நின்றாள். மடியில் அம்மா கொடுத்த தூக்கு இன்னும் சூடாக இருந்தது.

அடுத்த வாரம் அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். என்னை அனுப்பவில்லை. அம்மாவே சொல்லிவிட்டாளே.