திராட்சையில் ஏறிய ரக்ஸி

அன்று ஸ்காபரோவில், ஒரு பதினான்காம் மாடி வீட்டு ஹோலில் இருந்தவர்கள் ஆறு பேர். இருபத்திரண்டு வருடம் வாடகைக்கு ரக்ஸி ஓடிய அண்ணை. அன்றைக்கு அவருக்கு எழுபதாவது பிறந்தநாள். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். மார்க்கம் நகரத்தில் வீடு வாங்கிப் போய்விட்ட அவர்களுடைய மகள். மகள் கட்டிய கோயம்புத்தூர்ப் பையன், கொம்பியூட்டர் வேலை. என் மனைவி. நான். வேறு ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு அன்ரியும் நின்றதாக அக்கா இப்போது சொல்கிறார். அவர் நிற்கவில்லை. வடையைக் கொடுத்துவிட்டு முன்னமே போய்விட்டார்.

கோப்பி மேசையில் நான் கொண்டுபோன பெட்டி இருந்தது. உள்ளே அண்ணை கடைசியாக ஓடிய ரக்ஸி, உண்மைக் காரில் இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவில். ஒன்பது அங்குல நீளம். கிறீம் நிற உடம்பு, கடும் சிவப்புக் கூரை, கூரையில் விளக்கு. ஐந்து மாதம் அதற்குள் போயிருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கனடாவுக்கு வந்த மூன்றாம் வருடம், ஒருவர் தன் வீட்டு வாசலில் பழைய சாமான் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். பிரிக்காத பெட்டி ஒன்று இரண்டு டொலருக்குக் கிடந்தது. பிளாஸ்டிக் சட்டங்களில் காரின் துண்டுகள் காய் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன. கூடவே ஒரு தாள். அதில் எழுத்து மிகக் குறைவு. படங்கள், இலக்கங்கள், அம்புக்குறிகள். வேலை இடத்துக் கடிதம், வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் யாரிடமாவது கொண்டுபோய் வாசிக்கச் சொல்லிக் காத்துநின்ற காலம் அது. இந்தத் தாளை நானே வாசித்தேன். பத்தாம் இலக்கத் துண்டைப் பதினோராம் இலக்கத்தில் ஒட்டினேன். பிழை வரவில்லை.

அப்படிப் பிடித்த பழக்கம். கண்ணாடி அலுமாரியில் முப்பத்தொரு கார் நிற்கிறது. என் மனைவியின் நல்ல கோப்பைகள் நிற்கவேண்டிய இடம் அது. கட்டிலுக்குக் கீழே இன்னும் பிரிக்காத பெட்டிகள். பழக்கத்தோடு பயமும் வந்தது. பெயின்ற் மணத்துக்கு மேல்வீட்டார் முறையிடுவார்களோ, புகைக் கருவி கத்துமோ, கட்டடப் பொறுப்பாளர் வந்து கதவைத் தட்டுவாரோ. ஜன்னலைத் திறந்தால் ஈரப் பெயின்றில் தூசி ஒட்டும் என்ற பயம். மூடினால் மூச்சு முட்டும் என்ற பயம். ஓய்வுக்குச் செய்கிற வேலை என்று சொல்கிறார்கள். நான் ஒரு நாளும் அதைச் செய்து ஓய்ந்ததில்லை.

அண்ணையின் மகள் மே மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அலுமாரியைப் பார்த்தபடி நின்றே கதைத்தாள்.

"அங்கிள், அப்பா எங்களோட வடிவாக் கதைக்கிறேல்ல. கண் ஒப்பரேஷனுக்கு ஹொஸ்பிட்டல்ல இருக்கேக்க காரை நாங்கதான் எடுத்தனாங்கள். செக் பண்ணிப்போட்டு ரெண்டு நாளில தாறம் எண்டு சொன்னம். இனி ஓடக் கூடாது எண்டு டொக்டர் சொல்லிட்டார், அதால பழைய இரும்புக்குக் குடுத்திட்டம். ஐ நோ, பிழைதான். அந்தக் கார் மாதிரியே ஒண்டு செய்து தருவீங்களா? பேர்த்டேக்கு."

அறுநூறு டொலர் தருவதாகச் சொன்னாள். அதுவரை நான் ஒரு காரையும் விற்றதில்லை. தொகையைக் கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. நூற்றெண்பது முன்பணம் தந்தாள். பெட்டிக்கும் பெயின்றுக்கும் அது போய்விட்டது. மிச்சத்தை என் மனைவி அன்றைக்கே செலவழித்துவிட்டாள், வாயால்.

"அது வின்ரர் ரயருக்கு. வேற ஒண்டுக்கும் இல்லை."

அவள் சொன்னது நியாயம். எங்கள் காரின் ரயர்களில் கோடே இல்லை. அவள் பிக்கரிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். விடியற்காலையில் பெருந்தெருவால் அவளை ஏற்றி இறக்குவது நான். போன வருடம் ஒருதரம் ஸ்நோவில் கார் வழுக்கி, பக்கத்து லேனுக்குப் போய், தானாகத் திரும்பி வந்தது. நாங்கள் இருவரும் அதைப்பற்றி இன்றுவரை கதைக்கவில்லை. பிளாசாவில் இருக்கும் கராஜ்காரர் பாவித்த ரயர் ஒரு செற் வைத்திருந்தார். பூட்டுக்கூலியோடு நானூறு.

"நவம்பர் நடு மட்டும் வைச்சிருப்பன் அண்ணை. அதுக்குப் பிறகு ஆர் கேட்டாலும் குடுத்துப்போடுவன்," என்றார் என்னிடம்.

நான் அந்தச் சின்னக் காரின் ரயரில் ஊசி முனையால் கோடு இழுத்துக்கொண்டிருப்பேன். அவள் வேலைக்கு வெளிக்கிட்டு நின்று பார்ப்பாள்.

"இஞ்சரப்பா, உந்த ரயர் எந்த ஸ்நோவில ஓடப்போகுது?"

அண்ணையின் ரக்ஸிக்கு என்று பெட்டி ஒன்றும் கடையில் கிடையாது. அதே உடம்புள்ள பொலிஸ் காரின் பெட்டிதான் கிடைத்தது. கூரையில் இருந்த சைரன் விளக்கைச் சீவி எடுத்தேன். ஓட்டையை அடைத்து, மட்டம் உரசி, ரக்ஸி விளக்கு வைத்தேன். மகள் தந்த படங்களைப் பார்த்து டாஷ்போர்டில் அரிசியிலும் சிறிய பிள்ளையார், பக்கத்தில் மீற்றர். பெயின்ற் வேலைதான் பிந்தியது. ஒக்டோபர் முழுக்க மழை. கடைசிப் பளபளப்புப் பூச்சை அடித்தபோது பிறந்தநாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

இந்த வேலையில் எல்லோரும் அறிந்த சோதனை ஒன்று உண்டு. காரை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்க்க வேண்டும். மணம் இருந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. பிறந்தநாளன்று, ஞாயிறு காலை, நான் மணந்து பார்த்தேன். மணம் இருந்தது. பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

வழி முழுக்க எத்தனையோ விஷயத்துக்குப் பயந்தேன். பிரேக் போட்டால் பெட்டி உருளும், லிஃப்ற் குலுங்கினால் பக்கக் கண்ணாடி உடையும், நிறம் ஒரு சொட்டு வேறு என்று அண்ணை சொல்வார். நடந்த ஒன்றுக்கு மட்டும் நான் பயப்படவில்லை.

அண்ணை மூடியைத் திறந்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து, முன்கண்ணாடியால் உள்ளே பார்த்தார்.

"மீற்றர் வைச்சிருக்கிறாய்."

"ஓம் அண்ணை."

"எவ்வளவு காட்டுது?"

"சைபர் அண்ணை."

"அப்ப இன்னும் ஆள் ஏறேல்ல."

நிறம் சரியா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதற்றத்தில், கேட்காத உண்மையைச் சொன்னேன். "அண்ணை, இது பொலிஸ் கார்ப் பெட்டி. அதைத்தான் மாத்திச் செய்தனான்."

அண்ணை நிமிர்ந்தார். "என்னை இருபத்திரண்டு வருஷமா மறிச்சு மறிச்சு டிக்கற் எழுதினவங்கட காரோ?"

"ஓம்."

"நல்லாச் செய்தாய். ஒண்டையெண்டாலும் ரக்ஸி ஓட விட்டியே!" என்று சிரித்தார். வாய் விட்டுச் சிரித்தார். மகள் தகப்பனைப் பார்த்தாள், பிறகு தன் கைப்பையைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்து மடியில் வைத்தாள். என் மனைவி என் காலை மெல்ல மிதித்தாள்.

அப்போதுதான் அக்கா குசினியில் இருந்து தட்டோடு வந்தார். சந்தனம், குங்குமம், கற்பூரம், நாலு தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம்.

"புது வண்டி. சும்மா வைக்கேலாது," என்றார்.

எங்கள் ஆட்கள் ஒருவரும் புதுக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் ஓடுவதில்லை. ஐயர் பூசை செய்து, நாலு ரயருக்குக் கீழும் தேசிக்காய் வைத்து, அதை நசித்துக்கொண்டு கார் புறப்பட வேண்டும். அண்ணையும் எத்தனையோ காருக்கு அப்படிச் செய்தவர். ஆகவே ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஆனால் தேசிக்காயைக் காருக்குப் பக்கத்தில் வைத்தபோது அது கதவுக் கைபிடியின் உயரத்தைத் தாண்டி நின்றது.

"கடையில இருந்ததுக்குள்ள சின்னனாப் பார்த்துத்தான் எடுத்தனான்," என்றார் அக்கா.

"உதில ஏற என்ன, இது புல்டோசரோ?" என்றார் அண்ணை. "முந்திரியப்பழம் இருக்கெல்லே, அதில நாலைக் கொண்டா."

பச்சைத் திராட்சை நாலு வந்தது. நாலு சில்லுக்கு முன்னாலும் ஒவ்வொன்றாக வைத்தார்கள். அக்கா கற்பூரத்தைக் கொளுத்தி மூன்றுதரம் சுற்றிக் காட்டினார். எல்லோரும் எழுந்து நின்றோம். காட்டி முடிந்ததும், குங்குமம் எடுப்பதற்காக, எரிகிற தட்டைக் காரின் மூக்குக்கு முன்னால் மேசையில் வைத்தார். ஒரு சாண் தூரம்கூட இல்லை.

எனக்குத் தெரியும். அந்தக் காரின் முன்கண்ணாடி எவ்வளவு மெல்லிசு, அதன் பிளாஸ்டிக் எந்தச் சூட்டுக்கு இளகும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். ஆனால் சுவாமிக்குக் காட்டிய தீபத்தைத் தள்ளி வை என்று மூத்த பெண் ஒருவருக்கு எப்படிச் சொல்வது? கைகூப்பிக்கொண்டு நின்றேன்.

மருமகன்தான் வாய் திறந்தான். "அத்தை, அது பிளாஸ்டிக். கற்பூரத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமே?"

"தம்பி, தீபம் எரியேக்க கதையாதையும்," என்றார் அக்கா. அவன் அடங்கிவிட்டான். அக்கா பொனற்றில் சந்தனத்தை வைத்து, அதன் மேல் குங்குமத்தை விரலால் அழுத்தி வைத்தார். கிறீம் நிறப் பூச்சில் விரல் லேசாக ஒட்டி எழும்பியது. பிறகு தட்டை எடுத்து ஒவ்வொருவருக்கும் நீட்டினார். நானும் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன்.

அண்ணை ஒற்றை விரலைப் பின்னால் வைத்துத் தள்ளினார். ரக்ஸி நாலு திராட்சையையும் நசித்துக்கொண்டு ஏறி இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"அப்பா, வின்ட்ஷீல்ட்!" என்றாள் மகள்.

முன்கண்ணாடி உள்ளுக்கு வளைந்து, பால் ஊற்றியதுபோல் வெளிறி இருந்தது. மீற்றர் தெரியவில்லை. பிள்ளையாரும் தெரியவில்லை. நான் ஈரத் துணியால் குங்குமத்தைத் துடைத்தேன். பூச்சும் சேர்ந்து வந்தது. காயாத பூச்சு. அது அக்காவின் பிழை இல்லை.

"நான் கொண்டுபோய்ச் சரிக்கட்டித் தாறன்," என்றேன். "ரெண்டு கிழமை."

மகள் கையில் இருந்த உறையைப் பார்த்தாள். "ஓகே அங்கிள். அப்ப ஃபிக்ஸ் பண்ணித் தந்தாப் பிறகு மிச்சத்தைத் தாறன், என்ன? ஒண்டும் நினைக்காதேங்கோ," என்று அதைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தாள். அவள் கேட்டதில் பிழை சொல்ல முடியாது. நானும் "ஓமோம்" என்றேன். என் மனைவி மேசையில் நசிந்து கிடந்த திராட்சைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

நான் பெட்டியை எடுத்துக் காருக்குக் கை நீட்டினேன். அண்ணை அதைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"எங்கை கொண்டு போறாய்?"

"திருத்த அண்ணை. கண்ணாடி மாத்தவேணும்."

"முந்தியும் ரெண்டு நாளெண்டுதான் கொண்டு போனவை," என்றார். ஒருவரையும் பார்த்துச் சொல்லவில்லை. மகள் குசினிக்குள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள். "தள்ளி வையுங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

புதுக் கண்ணாடியை அந்தக் கிழமையே செய்துவிட்டேன். கேக் வாங்கிய பெட்டியின் மூடியை வெட்டி, சூடாக்கி, மரத்தில் செதுக்கிய அச்சில் அமுக்கி எடுத்தது. நாலாவதுதான் சரிவந்தது. பஞ்சில் சுற்றி வைத்துக்கொண்டு மூன்றுதரம் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மாற்ற மேல் உடம்பைக் கழற்ற வேண்டும், பொனற்றை உரசித் திரும்ப அடிக்க வேண்டும். அதை அவர்கள் ஹோலில் வைத்துச் செய்ய முடியாது என்று விளங்கப்படுத்தினேன்.

"ஒரு வின்ரர் முழுக்க வெடிச்ச கண்ணாடியோட ஓடினனான் தம்பி. அதுக்கென்ன?" என்றார் முதல்தரம். இரண்டாம்தரம் தேத்தண்ணி தந்து, கோயில் தெருவில் தான் பொலிஸிடம் மறிபட்ட கதையைச் சொன்னார். மகளும் அங்கே நின்றாள். அவளோடும் கதைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம்தரம் போனபோது கார் ஜன்னலோரத்தில், தெருவைப் பார்த்தபடி நின்றது. குங்குமம் வைத்த இடத்தில் மண்ணிற வட்டம். நான் பஞ்சை வெளியே எடுக்கவில்லை.

"இரு, இரு," என்றார் அண்ணை. "நீ வந்து நிக்கிறதுக்கும் மீற்றர் ஓடுது."

மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அங்கிள், அப்பாவிட்ட இருந்து அதை நான் எடுக்கமாட்டன். ப்ளீஸ், என்னால ஏலாது," என்றாள். "நீங்க எப்பிடியாவது கேட்டு வாங்கி ஃபிக்ஸ் பண்ணுங்கோ. காசு ரெடியா இருக்கு." காசை அப்படியே தந்துவிடு பிள்ளை என்று கேட்க நினைத்தேன். பிறந்தநாளன்று காலை காரை மணந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. கேட்கவில்லை.

நவம்பர் நடுவுக்கு இரண்டு நாள் கழித்துக் கராஜ்காரர் ரயரை வேறு ஒருவருக்குப் பூட்டிவிட்டார். இன்று காலை ஸ்நோ கொட்டியது. என் மனைவி கோடில்லாத ரயரில் பிக்கரிங்குக்கு என்னோடு வரமாட்டேன் என்று பஸ் எடுத்துப் போனாள். எந்த பஸ், எங்கே மாறினாள், வழுக்காமல் இறங்கினாளா என்று இன்னும் சொல்லவில்லை. நான் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி பஞ்சுக்குள் இருக்கிறது. வரவேண்டிய மிச்சம் நானூற்றிருபது டொலர்.